உப்புப் போட்ட கஞ்சியும் முயல் மசாலும்

மரக்காணத்து அளத்தில் இருபது வருடமாக உப்பு வாரும் அம்சவல்லிக்கு உப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பான் அவள் புருஷன் கலியமூர்த்தி. அவனும் அதே அளத்தில் கூலிதான். பேச்சு மட்டும் முதலாளிப் பேச்சு.

வீட்டில் ஒரு சினைப்பசு. வைக்கோல் தீர்ந்து, எலும்பும் தோலுமாக நின்றது. "கார்த்திகைக்குள்ள தீனிக்கு வழி பண்ணு. இல்லன்னா கிளியனூர் தரகரைக் கூப்ட்டு வித்துடுவேன்" என்றான். விற்கவே கூடாது என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

வேளாண்மை ஆபீஸ் பூவிழி வழி சொன்னாள். அவர்களுக்கிருந்த மானாவாரி மேட்டில் மூன்று வரிசை கொழுக்கட்டைப் புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால். மசால் பயறு இனத்துத் தீவனம். அதன் வேரில் முடிச்சுக் கட்டி வாழும் நுண்ணுயிர் காற்றிலிருக்கும் சத்தைப் பிடித்துக் கொடுக்கும். புல்லுக்கும் கொஞ்சம் கிடைக்கும். அந்த நுண்ணுயிர்ப் பொட்டலத்தை ஆறிய கஞ்சியில் குழைத்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆடியில் விதைத்தாள். ஆவணிக் கடைசியில் மசால் மஞ்சளாய் நின்றது. பூவிழி வந்து ஒரு செடியைப் பிடுங்கினாள். வேரில் முடிச்சே இல்லை.

"கஞ்சி எப்படிக்கா வெச்சீங்க?"

"எப்பவும் போலதான். ஒரு கை உப்பு போட்டு."

"ஐயோ அக்கா! அந்தப் பொட்டலத்துல உசுரு இருக்குது. உப்பு பட்டா செத்துடும்."

"உப்பில்லாம யாரும்மா கஞ்சி வெப்பாங்க? உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னுதானே சொல்றாங்க!" என்று சீறியவள், அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஊரே சிரித்தது. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரும் எனக்கும் சிரிப்பு வந்தது, மறைப்பானேன்.

புரட்டாசியில் மசால் வரிசையை மட்டும் மறுபடி விதைத்தாள். இந்த முறை உப்பு டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

கார்த்திகையில் சொன்னபடி தரகர் வந்து பசுவின் கயிற்றைப் பிடித்தார். அம்சவல்லி மேட்டுக்கு ஓடி, ஒரு மசால் செடியை மண்ணோடு பெயர்த்துவந்து புருஷன் முன்னால் போட்டாள். வேரில் கடுகு கடுகாய் முடிச்சு. ஒன்றை நகத்தால் கிள்ளினாள். உள்ளே இளஞ்சிவப்பு; நுண்ணுயிர் வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம்.

"பாருய்யா, உசுரோட இருக்குது. புல்லும் முழங்கால் ஒசரம் வந்துடுச்சு. இப்பப் போயி விக்கிறியா?"

கலியமூர்த்தி செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேட்டுப் பக்கமும் பார்த்தான். "அப்புறம் பாத்துக்கலாம்ங்க" என்று தரகரை அனுப்பிவிட்டான்.

அன்று மதியம் அவனுக்குக் கஞ்சி ஊற்றினாள். காலையிலிருந்த பதற்றத்தில் உப்புப் போட மறந்திருந்தாள். உப்பு ஒரு கல் குறைந்தாலே கிண்ணத்தை வீசுகிற ஆள், கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு புல் அறுக்கப் போனான்.