தேநீருக்கு முன் படிக்க வேண்டியவை

மனைவி இறந்த முப்பதாம் நாள் பூசை ராயபுரத்து மாதா கோயிலில் முடிந்த மறுநாள் வேலைக்குத் திரும்பினேன். எண்ணூரில் துறைமுக வாயிலுக்கு வரும் கண்டெய்னர் லாரிகளுக்கு அனுமதிச் சீட்டு வழங்கும் மென்பொருளை எங்கள் அலுவலகம் எழுதுகிறது. குழுவினர் எழுதிய நிரல்களை வாரக் கடைசியில் மொத்தமாகப் படித்துப் பிழை பார்ப்பது என் பொறுப்பு. ஒரு மாதக் குவியல் காத்திருக்கும் என்று நம்பினேன். அதில் தலையைப் புதைத்துக்கொண்டால் வீட்டைப் பற்றி நினைக்க நேரம் இராது.

கணினியில் படிக்க வேண்டிய வரிசையைத் திறந்தேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"மற்றதெல்லாம் எங்கே?"

காசிமேட்டிலிருந்து வரும் பெண் பொறியாளர் ஒருவர், என் குழுவில் மூத்தவர், நாற்காலியை இழுத்து வந்தார். "அதெல்லாம் அப்பப்பவே போயிடுச்சு சார். கொஞ்சமா எழுதினதும் பக்கத்து சீட்டுல இருக்கறவங்க படிச்சிடணும். படிக்காம யாரும் டீக்குப் போவக்கூடாது. அதான் இப்ப ரூலு."

"பிழைகள்?"

"முன்னாடிக்கு இப்ப கம்மி சார். துண்டா இருந்தா கண்ணுல மாட்டுது. லாரிங்க நின்னுகினு இருக்கும்போது வாரக் கடைசி வரைக்கும் இன்னா பண்றது?"

எஞ்சியிருந்தது நான் மருத்துவமனைக்குப் புறப்பட்ட நாளில் எழுதி வைத்தது. வாயிலில் இணைய இணைப்பு அறுந்தாலும் சீட்டு தடைபடாமல் இருப்பதற்கான மாற்றம். அதை ஒருவரும் தொடவில்லை.

"உங்களுது சார். அத நாங்க எப்பிடிப் படிக்கிறது? போன வாரம் மழையில லைன் போயி, டிரைவருங்க வுட்ட டோஸு இருக்கே... அப்பக்கூட தொடல."

"இப்போது படியுங்கள்."

நெடுநேரம் படித்தார். "ரொம்பப் பெருசு சார். மூணா ஒடைங்க."

"யக்கா, சாருக்கேவா?" என்றது அடுத்த மேசை.

"எல்லாருக்கும் ஒரே டீதான்டா."

உடைத்தேன். முதல் துண்டைத் தேநீருக்கு முன்பே படித்து முடித்தார். கடைசித் துண்டும் மாலைக்குள் வாயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. வரிசை காலியானது.

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டார். "கெளம்பலியா சார்?"

"வேறு ஏதாவது மிச்சம் இருக்கிறதா?"

சற்று என்னைப் பார்த்தார். "இல்ல சார். இனிமே நாளைக்குத்தான்."

கணினியை அணைத்தேன். சட்டைப்பையில் வீட்டுச் சாவி இருந்தது. மணமான நாளிலிருந்து மாலையில் வீடு திரும்பும்போது எனக்கு அது தேவைப்பட்டதில்லை.