ஒற்றைக் கை ஆட்டம்

என் கணவர் பந்து வீசுவதைக் கலியாணத்துக்குப் பிறகுதான் பார்த்தேன். எங்கள் ஊர் நீர்வேலியில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற மைதானத்தில், நடுவரோடு சண்டை பிடிப்பதற்காகவே பந்து வீச வந்தவர்போல் ஆடுவார். ஐம்பதை நெருங்கும்போது அந்த மனிதருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கதைப்பதை அவராகவே குறைத்துக்கொண்டார். சாப்பாடு போடவா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

லீவில் வந்த என் தம்பி, தன் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த கேம் கொன்சோலை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். அதில் ஒரு கிரிக்கெட் விளையாட்டு இருந்தது. எதற்கும் பார்ப்போம் என்று அதன் அமைப்புகளைக் கிண்டியபோது ‘ஒற்றைக் கை’ என்று ஒரு தெரிவு கண்ணில் பட்டது. அதைப் போட்டுவிட்டால் அடிப்பது, வீசுவது, ஓடுவது எல்லாவற்றையும் இடது பக்கத்துப் பொத்தான்களாலேயே செய்யலாம்.

அன்றிலிருந்து பின்னேரங்களில் ரீவிக்கு முன்னால் நானும் அவரும் எதிரெதிர் அணிகள். எனக்கு இரண்டு கை, அவருக்கு ஒன்று. அப்படியிருந்தும் என்னைத் துவைத்து எடுத்தார். அதைவிட முக்கியம், வாய் திறந்துவிட்டது. ரீவிக்குள் நிற்கிற நடுவரைப் பார்த்து, “உவனுக்குக் கண் பொட்டையே?” என்று கத்துவார். பக்கத்து வீட்டார் எங்களுக்குள் சண்டை என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு நாள் ‘அப்டேற்’ வந்து இறங்கியது. வீரர்களுக்குப் புதுச் சட்டை, மைதானத்துக்குப் புது வெளிச்சம், கூட்டத்துக்குப் புதுக் கூச்சல். ஒற்றைக் கைத் தெரிவை மட்டும் காணவில்லை. நான் மேலும் கீழும் தேடினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பினார்.

“விடுமப்பா. அவங்களுக்கு என்னைத் தெரியுமோ?”

அதற்குப் பிறகு திரும்பவும் தலையாட்டல்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழை பெய்து ஆட்டம் நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். எங்கேயோ குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு ஒருவன் ஒரு பொத்தானை அழித்துவிட்டுப் போவதும், அதோடு என் வீட்டு மனிதர் வாயை மூடிக்கொள்வதும் என்றால் எப்படிப் பொறுப்பது? இணையத்தில் இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் கூடிக் கதைக்கிற இடத்துக்குப் போனேன். அங்கே பெரிய ஒப்பாரியே நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் அதே விளையாட்டுக்குப் புது அட்டை போட்டு விற்கிறார்கள், விற்ற பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஊர் உலகமெல்லாம் திட்டியிருந்தது. எங்கேயோ ஒரு நாட்டில் ஒரு கையை இழந்த ஒருவர், நான் கேட்க நினைத்ததையே கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஒருவரும் பதில் எழுதவில்லை. நான் எழுதினேன்: “நாங்களும் தேடுகிறோம்.”

பிறகு கம்பனியின் உதவிப் பக்கத்தைத் திறந்தேன். மொழிகளுக்குள் தமிழும் இருந்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது. அங்கே பதில் சொன்னது ஆள் இல்லை, இயந்திரம். என் முறைப்பாட்டை முழுவதும் எழுத விட்டுவிட்டு, “உங்கள் பிரச்சினை இன்னும் தொடர்கிறதா?” என்று மரியாதையாகக் கேட்டது.

“ஓம்” என்று எழுதினேன்.

“தங்களுக்கும் மன அமைதி உண்டாகட்டும். இந்த உரையாடல் நிறைவடைந்தது.”

ஆம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற ‘ஓம்’ அதற்கு மந்திரமாகப் பட்டிருக்கிறது என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. நாங்கள் சைவக் குடும்பம்தான். அதற்காக முறைப்பாட்டுக்கு நடுவில் மந்திரம் ஓதுகிற அளவுக்குப் போகவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன். திரும்பவும் அதே கேள்வி. இந்த முறை கோபத்தில், “ஓம், ஓம், ஓம்!” என்று அடித்தேன். இயந்திரத்துக்குப் பக்தி முற்றிவிட்டது. மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து வெளியே விடச் சொன்னது.

கதிரையில் இருந்த அவர் எட்டிப் பார்த்தார். “ஆம் எண்டு எழுதுமன்.”

“ஏன் எழுதவேணும்? எங்கடை வீட்டிலை ஆர் ஆம் எண்டு கதைக்கினம்?”

“உமக்கு உவை மறுமொழி சொல்லவேணுமோ, தமிழ் படிக்கவேணுமோ?”

நியாயமான கேள்வி. பல்லைக் கடித்துக்கொண்டு “ஆம்” என்று எழுதினேன். உடனே முறைப்பாடு ஏற்கப்பட்டது. பதில் மட்டும் வரவில்லை. கிழமைக்குக் கிழமை திரும்ப எழுதினேன். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன், யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதினேன். மற்றவர்களும் தங்கள் தங்கள் மொழியில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். பதில் கிடைக்கிற வரை விடுவதில்லை என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்து குந்திவிட்டது.

கடைசியில் கம்பனியிலிருந்து ஒரு மனிதர் பதில் எழுதினார். அந்தத் தெரிவைப் பாவிக்கிறவர்கள் குறைவாம். திரும்பக் கொண்டுவரும் திட்டம் தற்போது இல்லையாம். அதற்குக் கீழே ஓர் ஆலோசனையும் இருந்தது: வீட்டில் இன்னொருவர் வலது பக்கத்துப் பொத்தான்களை அழுத்தி உதவலாமே?

வாசித்துக் காட்டினேன். நான்தான், ஒருக்கால் செய்துதான் பார்ப்போமே என்று கொன்ட்ரோலரைக் கொண்டுவந்தேன். பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். இடது பக்கம் அவர், வலது பக்கம் நான். பந்து வரும்போது “இப்ப!” என்பார். நான் அழுத்துவேன். அதற்குள் விக்கெற் பறந்துவிடும். அடுத்த முறை அவர் சொல்வதற்கு முன்பே அழுத்தினேன். அதுவும் அவுட். கோபப்பட்டுக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் கொன்ட்ரோலரிலிருந்து கையை எடுத்து, தெரியாத வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல மடியில் வைத்துக்கொண்டார். தன் பந்தைத் தான் அடிக்க முடியாவிட்டால் அது அவருக்கு விளையாட்டே இல்லை. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

நான் ஃபோனை எடுத்து அந்த ஆளுக்குச் சூடாக ஒரு பதில் எழுதத் தொடங்கினேன்.

“இஞ்சை தாரும்.”

கொடுத்தேன். கை விழுந்த பிறகு அவர் யாருக்கும் ஒரு வரி எழுதியதில்லை. ஃபோனை மடியில் வைத்து, இடது பெருவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினார். உதவிக்கு நீட்டிய என் கையை முழங்கையால் தள்ளிவிட்டார். எழுத்துப் பிழை பார்க்கவும் விடவில்லை. அனுப்பிவிட்டுத்தான் காட்டினார்.

“என்ரை மனிசிக்குக் கிரிக்கெட் விளையாடத் தெரியாது. எனக்குத் தெரியும். என்ரை பொத்தானைத் தாங்கோ.”