அப்பா ஓட்டிவிட்ட காட்சி

சூடேறிய வீடியோ டெக்கிலிருந்து கிளம்பும் பிளாஸ்டிக் வாடைதான், குவைத்தில், ஃபர்வானியாவில் கழிந்த என் வெள்ளிக்கிழமை மதியங்களின் வாடை. வெளியே வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருக்க, நாங்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கறிக்குழம்புச் சோற்றின் மயக்கத்தோடு பாயில் உட்கார்ந்து படம் பார்ப்போம். நாங்கள் என்றால், எலெக்ட்ரீஷியனான அப்பா, அம்மா, எட்டு வயதுச் சிறுமியான நான், எங்கள் ஃப்ளாட்டின் இன்னோர் அறையில் வாடகைக்கு இருந்த மலர் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரரான அவர் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வீட்டில் இங்கிலீஷ் முழுதாகப் புரிந்தவர் அவர் மட்டும்தான்.

ஒரு வாரம் தமிழ்ப் படம் எதுவும் மிச்சமில்லை என்று கேசட் கடைக்காரர் ஒரு பழைய கறுப்பு வெள்ளை பிரிட்டிஷ் படத்தைக் கொடுத்துவிட்டார். ஓடும் ரயிலில் ஒரு கொலை. கொன்றவன் அதே ரயிலில் இருக்கிறான். ரயிலே இல்லாத ஊரில் வளர்ந்த எனக்குக் கொலை பெரிதாகப் படவில்லை. ஓடுகிற வண்டிக்குள் மனிதர்கள் நடந்துபோவதும் டீ குடிப்பதும்தான் அதிசயமாக இருந்தது.

மலர் அக்கா வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு சின்ன ஸ்டேஷனில் போலீஸ் ஏறி, சந்தேகத்தின் பேரில் ஓர் இளைஞனைக் கீழே இறக்கியது. அவனுடைய அக்கா ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தாள்.

"இவன் சொல்லுறான், நான் இப்ப வந்திடுவன் எண்டு..." என்றவர் அதோடு நிறுத்தி, எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். அம்மா பின்னாலேயே போனார். அப்பா டெக்கை நிறுத்தினார்.

குவைத்துக்கு வருவதற்காக மலர் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ரயிலேறியபோது, துணைக்கு வந்த தம்பியை வவுனியாவில் ராணுவம் இறக்கிக்கொண்டதாம், வண்டி கிளம்பிவிட்டதாம். அதன்பின் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்று அம்மா சொன்னார்.

ஆனாலும் எனக்கு அந்த ரயில் வேண்டும். நான் அடம்பிடிக்க, அக்காவே, "போடுங்கோ அண்ணை, பிள்ளை ஆசைப்படுறாள்" என்றார். அப்பா அந்த ஸ்டேஷனைத் தாண்டி நாடாவை ஓட்டிவிட்டுப் போட்டார். அந்தக் கேசட்டை வேறு யாரும் கேட்காததால் அது எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதன்பின் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் அதைப் பார்த்தோம். அந்த ஸ்டேஷன் வரும்போதெல்லாம் அப்பா, "இது போரு பாப்பா, ஓட்டிருவோம்" என்பார். திரை இருண்டு கிடக்க, டெக் மட்டும் உறுமும். மறுபடி படம் தெரியும்போது வண்டி ஓடிக்கொண்டிருக்கும். அதன்பின் அவனோ அவன் அக்காவோ படத்தில் வருவதில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த இளைஞன் இறங்கியவன் இறங்கியவன்தான்.

பிறகு ஈராக் படை வந்தது. டெக்கையும் கேசட்டையும் அப்படியே போட்டுவிட்டு, ஆளுக்கொரு பையோடு சொந்த ஊர் போய்ச் சேர்ந்தோம். மலர் அக்கா கனடாவுக்குப் போனார். அப்பா இறந்தும் பல வருடங்கள் ஆகிவிட்டன.

போன மாதம், இப்போது நான் வசிக்கும் துபாயில், அந்தப் படத்தை இணையத்தில் பார்த்தேன். அப்பா ஓட்டிவிட்ட இடத்தில், போலீஸ் அந்த இளைஞனை விசாரித்துவிட்டு விட்டுவிடுகிறது; நகரத் தொடங்கிய வண்டியில் அவன் ஓடிவந்து ஏறிக்கொள்கிறான். அவனுடைய அக்கா சிரிக்கிறாள்.

சொல்வதா வேண்டாமா என்று சில நாள் யோசித்துவிட்டு, மலர் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எனக்குத் தெரியும் பிள்ளை," என்றார். "நீங்கள் எல்லாரும் கடற்கரைக்குப் போன ஒரு நாள் நான் தனியப் போட்டுப் பாத்தனான்."

"அப்புறம் ஏன் அக்கா அப்பாகிட்ட சொல்லல?"

"எனக்காகத்தானே அந்த மனுசன் ஓட்டிவிட்டவர். அது போதும் எண்டு விட்டிட்டன்."

ஃபர்வானியாவில் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்களாம். இன்று எந்தக் காட்சியையும் ஒரு விரலால் தள்ளிவிட முடிகிறது. அன்று அப்பா டெக்கின் முன் குந்தி உட்கார்ந்து பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பார். திரும்பி மலர் அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மறுபடி படத்தை ஓடவிடுவார்.