ஆறு படுத்திருந்த மனை

இந்த ஊரை ஆறு மூன்று பக்கமும் வளைத்துப் பிடித்திருக்கிறது. அதனால் இங்கே வீடு பார்க்கப் போகிறவர்கள் அறைகளைப் பார்ப்பதில்லை, சுவரைத்தான் பார்ப்பார்கள். வெள்ளம் எதுவரை வந்து போனதோ அதுவரை சுவரில் ஒரு பழுப்புக் கோடு இருக்கும். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் ஈரக் காலத்தில் மெல்ல எட்டிப் பார்க்கும். கோடு முழங்காலுக்குக் கீழே என்றால் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திப் பேசுவார். மார்பளவு என்றால் அதற்கு முன்னால் அலமாரியை நகர்த்தி வைத்திருப்பார்.

டெய்லரம்மாவின் வீட்டில் அந்தக் கோடு அவள் தலைக்கு மேலே இருந்தது. போன வெள்ளத்தில் தையல் மெஷின்களும், தைத்து மடித்து வைத்திருந்த பள்ளிச் சீருடைகளும் ஒரே ராத்திரியில் போயின. அவள் புருஷன் ஆற்றில் மோட்டார் படகு ஓட்டுகிறவர். வீட்டை முழுங்கிய ஆற்றுக்கே மறுவாரம் வேலைக்குக் கிளம்பினார். அதற்காக அவள் அவரிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இனிமே அந்த ஆறு என் கண்ணுலயே படக்கூடாது" என்றாள். சொன்னபடி நகரின் மறுகோடியில், பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த மேட்டு நிலத்தில் ஒரு மனையை வாங்கினாள். காது, கழுத்தில் இருந்ததெல்லாம் அதற்குள் போயிற்று. வாங்கும் முன் பக்கத்து மதிலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். கோடே இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய மதில் அது என்று கேட்கத் தோன்றவில்லை. கோடு இல்லாத சுவரைப் பார்த்துவிட்டால் இந்த ஊர்க்காரர்களுக்கு மூளை லீவு போட்டுவிடும்.

அஸ்திவாரத்துக்குக் குழி வெட்டிய கொத்தனார் ஒரு நாள் மதியம் ஆள் அனுப்பினார். அவள் போனபோது புருஷன் முந்திக்கொண்டு குழிக்குள் நின்றிருந்தார்.

"இறங்கி வா. நீ பாக்க வேண்டியது இது" என்றார்.

ஏணி வைத்து இறங்கினாள். அடியில் ஆற்று மணல். அதில் பாதி புதைந்து ஒரு படகின் அடிப்பாகம். ஆணி என்று ஒன்றுகூட இல்லை. பலகையும் பலகையும் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. ஓரிடத்தில் பலகை பிளந்திருக்கிறது. யாரோ துண்டு வைத்து, அங்கே மட்டும் நெருக்கி நெருக்கித் தைத்திருக்கிறார்கள். அவளுடைய விரல்கள் தாமாகவே அந்தத் தையலின் மேல் ஓடின. இழுபடும் இடத்தில் அவளும் அப்படித்தான் தைப்பாள்.

"அப்ப ஆறு இங்கயா ஓடுச்சு?"

"ஊரே அது உருண்டு புரண்ட இடம்தான்" என்றார் அவர். "அது உன்னத் தேடி வரல. நீதான் அது படுத்திருந்த இடத்துல வந்து பாய் போட்டிருக்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குழியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அப்போதுதான் அந்த மண் சுவரைப் பார்த்தாள்.

மணலுக்கு மேல் கறுப்பு மண். அதில் கரி படிந்த மூன்று கற்கள், நடுவே சாம்பல். அதற்கு மேல் சாண் கனத்துக்கு மறுபடி மணல். அந்த மணலுக்கு மேல், ஏறக்குறைய அதே இடத்தில், இன்னொரு அடுப்பு. அதன் மேலும் மணல். மணலுக்கு மேல் மூன்றாவதாக ஒன்று, அதன் களிமண் பூச்சில் யாரோ தடவிய விரல்களின் வரிகள்கூட அழியாமல் இருந்தன. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆறு வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருக்கிறது. மணல் காய்ந்ததும் யாரோ வந்து, இங்கேயே, மறுபடி அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட ஜனங்கள் என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது.

கொத்தனார் மேலிருந்து குனிந்தார். "அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? குழிய மூடிட்டு இடத்த வித்துடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். விற்றால் போட்ட பணம் வந்துவிடும். இன்னும் மேடான இடம் தேடலாம். புருஷன் படகுப் பலகையைப் பார்த்தபடி நின்றார்.

"வாங்குறவங்களும் என்ன மாதிரி அந்த மதிலத்தான பாத்து ஏமாறுவாங்க" என்றாள் கடைசியில். "வேண்டாம். வீடு இங்கதான். ஆனா தரையோட கட்டாதீங்க. தூண் எழுப்பி, ஓராள் உயரத்துக்கு மேல தளம் போடுங்க."

"கீழ சுத்திச் சுவர் வச்சிடலாமா? கடைக்கு ஆகும்."

"ஒண்ணும் வைக்க வேண்டாம்" என்றாள் டெய்லரம்மா, மேல் அடுப்பின் விரல் வரிகளில் தன் விரல்களை வைத்தபடி. "ஆறு வந்தா படுத்துட்டுப் போகட்டும்."