வெர்லன் டக்கெட்டின் துணியறை

"மெக்லேன் கவுண்டி மொத்தத்தையும் என் துணியறைக்குள்ள அடுக்கிக் காட்டறேன். அதுக்கப்புறமும் மேல்தட்டுல ஒரு மூலை காலியா கிடக்கும், வந்து பாருங்க!"

தேவாலயத்து வசந்த விருந்தில், ஒரு கையில் உருளைக்கிழங்கு சாலட்டும் மறுகையில் பொரித்த கோழிக்காலுமாக வெர்லன் டக்கெட் இப்படி முழங்கினார். எதிரே நின்றவர் புயல் குழி விற்கிறவர். கார் நிறுத்தும் கொட்டகையின் தரையைத் தோண்டி, இரும்புப் பெட்டியை இறக்கி, மூடி போட்டுக் கொடுப்பது அவருடைய தொழில். சூறாவளி வந்தால் குடும்பத்தோடு உள்ளே இறங்கி மூடிக்கொள்ளலாம். மெக்லேன் மாவட்டத்தில், எங்கள் பர்செல் ஊரில், பல வீடுகளில் அது உண்டு. வெர்லன் வீட்டில் இல்லை.

"குழிக்குள்ள இறங்கறதுக்கு எனக்கு இன்னும் நாள் இருக்குப்பா" என்றார் வெர்லன். கூட்டம் சிரித்தது. அவருடைய மனைவி ரொவீனா மட்டும் சிரிக்கவில்லை.

ரொவீனாவுக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் உண்டு. சிறுமியாக இருந்தபோது, தன் அப்பா வீட்டுக் கூரை பக்கத்து நிலத்தைத் தாண்டிப் பறந்து போவதை அவர் கண்ணால் பார்த்தவர். சூறாவளிக் காலமான ஏப்ரல் பிறந்தால், எழுந்ததும் மாட்டிக்கொண்டு ஓட வாகாகக் காலணியை நாடா அவிழ்த்துக் கட்டிலடியில் வைத்துவிட்டுத்தான் தூங்குவார். வெர்லன் வீட்டில் ஜன்னலே இல்லாத, நடுவீட்டில் இருக்கிற ஒரே இடம் படுக்கையறையை ஒட்டிய துணியறை. புயல் வந்தால் ஒளிய வேண்டிய இடம் அது ஒன்றுதான். அதில் தாங்கள் உட்கார இடம் இருக்குமா என்பதே அவருடைய வசந்தகாலத்து ஒரே கேள்வி.

வெர்லனிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதே அவமரியாதை. தீவனக் கிடங்கில் ஆயுள் முழுதும் மூட்டை அடுக்கி ஓய்வு பெற்றவர் அவர். மற்றவர்கள் இரண்டு நடையாகக் கொண்டுபோவதை அவருடைய வண்டி ஒரே நடையில் கொண்டுபோகும். நவம்பர் மாத நன்றித் திருநாள் விருந்து முடிந்தால், மிச்ச வான்கோழியைக் குளிர்பெட்டிக்குள் வைக்க அக்கம்பக்கத்தார் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு முறை நண்பர் ஒருவரின் இறுதிச் சடங்கில் பெட்டியை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பக்கவாட்டுல இடம் வீணாப் போகுது" என்று மனம் கலங்கிச் சொன்னார்.

ஊருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பயம் வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள், சிலர் பிரார்த்தனை செய்வார்கள். வெர்லன் அடுக்குவார். அந்த வருஷம் வானொலியில் புயல் எச்சரிக்கை கூடக் கூட, அவருடைய அடுக்கலும் கூடியது.

முதலில் துணி மாட்டும் கம்பிக்குக் கீழே இன்னொரு கம்பி போட்டார். தடித்த மாட்டிகளை எறிந்துவிட்டு மெலிந்தவற்றை வாங்கினார். ஒரு மாட்டியின் கழுத்தில் சோடா டப்பாவின் வளையத்தைக் கோத்து, அதில் அடுத்த மாட்டியைத் தொங்கவிட்டார். சட்டைகள் சர்க்கஸ்காரர்கள் போல ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கின. கதவின் உள்பக்கம் காலணிப் பைகள். கூரைவரை பலகைகள். குளிர்காலப் போர்வைகளைப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, தூசி உறிஞ்சியால் காற்றை இழுத்து, அப்பளம் போலத் தட்டையாக்கிச் செருகினார். தரை இன்னும் காலியாக இருந்தது. ரொவீனா நிம்மதியாக மூச்சுவிட்டார்.

பிறகுதான் பாதுகாப்பு ஏற்பாடுகள் தொடங்கின. புயலில் சிக்கினால் குடிக்கத் தண்ணீர் வேண்டாமா? புட்டிகள் வந்தன. பசிக்காதா? அவரைப் பருப்பு டப்பாக்கள் வந்தன. இருட்டுமே? விளக்குகள். கதவு சிக்கினால்? கோடரி. காயம் பட்டால்? மருந்துப் பெட்டி. தலைக்கு பேஸ்பால் கவசங்கள். கனமானவற்றுக்கெல்லாம் சக்கரம் வைத்த இழுப்பறைகள். உயிரைக் காப்பாற்றத் தேவையான சகல பொருள்களும் உள்ளே வந்து சௌகரியமாக உட்கார்ந்துகொண்டன.

"எல்லாம் சரி, மனுஷங்க எங்க உட்கார்றது?" என்றார் ரொவீனா.

"இந்த ரெண்டு பெட்டியையும் வெளிய இழுத்தா ராஜா மாதிரி உட்காரலாம்."

"நீ ராஜாவா இரு. எனக்கு முழங்காலை மடக்க இடம் காட்டு."

சனிக்கிழமை நண்பகலில் ஊரின் புயல் எச்சரிக்கைச் சங்கைச் சோதனைக்காக ஊதுவார்கள். ஊதியதும் இருவரும் ஒத்திகைக்கு உள்ளே போனார்கள். ரொவீனா உட்கார்ந்தார். வெர்லன் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார்.

"இதான் உன் ராஜ்ஜியமா?"

"ஒத்திகையிலயே எல்லாம் சரியா வந்துட்டா அப்புறம் ஒத்திகை எதுக்கும்மா?" என்றார் வெர்லன். அன்று மாலையே குறையைச் சரிசெய்தார். அதாவது, இருந்ததை இன்னும் நெருக்கி, கிடைத்த இடத்தில் இன்னொரு பெட்டி தண்ணீரை வைத்தார்.

மே மாதத்து ஒரு பிற்பகல். காற்று அடியோடு நின்றது. தொலைக்காட்சியில் வானிலைக்காரர் கோட்டைக் கழற்றினார். எங்கள் பக்கத்தில் அவர் கோட்டைக் கழற்றினால் மாட்டை உள்ளே கட்டுவோம். சட்டைக் கையை மடித்தால் நாமே உள்ளே போவோம். அவர் மடித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ரொவீனாவின் அக்கா ஓபல், கைப்பையும் பூனையுமாக வந்து இறங்கினார். தகரத்தால் ஆன சக்கர வீட்டில் தனியாக இருப்பவர், நல்ல ஆகிருதி. வெர்லன் வராந்தாவில் நின்று, பாசி படிந்த குளம் போலப் பச்சையாகிவிட்ட வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா வெர்லன், மேகத்தை எந்தத் தட்டுல அடுக்கலாம்னு பாக்கறியா?"

"இது நம்ம பக்கம் வராது ஓபல். ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடும்."

அவர் சொல்லி முடிக்கவும் சங்கு ஊதியது. அன்று சனிக்கிழமை அல்ல.

மூவரும் துணியறைக்கு ஓடினார்கள். வெர்லன் முதல் இழுப்பறையை இழுத்தார். அது பாதி வந்து கட்டில் காலில் முட்டி நின்றது. கட்டிலைத் தள்ளினார். இழுப்பறை வந்தது, வந்த இழுப்பறை அடுத்ததை மறித்தது. அவரைப் பருப்பு டப்பாக்கள் உருண்டு கட்டிலடிக்குப் போயின.

"தலைக்கவசம் எங்க?" என்று ரொவீனா கத்தினார்.

"மேல்தட்டுல, பின்வரிசையில, போர்வைக்குப் பின்னாடி. கையெட்டற இடத்துலதான்."

"யாரு கைக்கு எட்டற இடம்? ஒட்டகச்சிவிங்கி கைக்கா?"

"ஒட்டகச்சிவிங்கிக்கு ஏதுடி கை" என்றார் ஓபல்.

வெர்லன் எக்கிப் போர்வைப் பையை இழுத்தார். கவசம் ஒன்று கையோடு வந்தது. ஆனால் பை ஒரு கொக்கியில் மாட்டிக் கிழிந்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம். அடைபட்டுக் கிடந்த போர்வைகள் மூச்சு இழுத்தன. புளித்த மாவு போல மெல்ல எழும்பி, பலகையைத் தாண்டித் தொங்கி, பக்கத்துப் பையை நெருக்கி அதையும் கிழித்தன. காலியான கொஞ்ச நஞ்ச இடமும் கண்ணெதிரே நிரம்பியது.

ரொவீனா குனிந்து உள்ளே போய் மூலையில் ஒடுங்கினார். ஓபல் பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு, வெர்லன் அவருடைய தோளைப் பிடித்து உள்ளே தள்ள, தண்ணீர்ப் புட்டிகளுக்கு நடுவே பின்பக்கமாக இறங்கினார். சங்கு நிற்கவில்லை. தூரத்தில் ஏதோ உறுமியது. இடியென்றால் நடுவே நின்றிருக்கும்.

"வெர்லன், உள்ள வா!"

வெர்லன் துணியறை வாசலில் நின்றபடி ஒரே ஒரு முறை பார்த்தார். மூட்டைகளைப் பார்த்துப் பழகிய கண் அது. ரொவீனாவின் முழங்கால், ஓபலின் தோள், தொங்கும் சட்டைகள், கோடரி, பூனை. எதைத் திருப்பினால் எது நகரும் என்பது அவருக்குத் தெரியும். எதுவும் நகராது என்பதும் தெரிந்தது. இனி எதையாவது வெளியே எடுக்க வேண்டுமென்றால், அந்த இருவரை முதலில் எடுக்க வேண்டும்.

கையில் இருந்த கவசத்தை ரொவீனாவின் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டினார்.

"இதைக் கழட்டிடாத. ஓபல், போர்வையை முகத்துக்கு மேல இழுத்துக்கோ."

"நீ வா முதல்ல" என்று ரொவீனா அவர் சட்டையைப் பிடித்தார்.

வெர்லன் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார்.

"இடமில்ல, ரொவீனா" என்றார், தேவாலயத்தில் பேசுவது போல அடங்கிய குரலில்.

கதவை வெளியிலிருந்து சாத்தினார். கட்டில் மெத்தையை உருவித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, கதவு திறக்காதபடி அதில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து ரொவீனா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். வெர்லன் காலை நீட்டி, உருண்டு வந்த ஓர் அவரைப் பருப்பு டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, இன்னும் அழுத்தமாகச் சாய்ந்துகொண்டார்.