கட்டிலின் அடியில் ஞானமுத்து எழுதியது

என் எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம், அறுபத்தொன்பது வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவன் நான். ஒரு வரி முடிவதற்குள் விரல் மரத்துப்போகிறது. ஆனாலும் எழுத எழுத ஆசையாக இருக்கிறது. ஞானமுத்துவோடு வேலை பார்த்த தச்சர்களும், அவருக்குப் பலகை ஏற்றிவிட்ட கடைக்காரர்களும் வாசிப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இந்தத் தாள்களுக்கு நாலு நாள் ஆயிற்று.

செய்தி எனக்குச் சுவரில் இருந்து வந்தது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடிக்கப் போகும்போதெல்லாம் சுவரொட்டிகளை எழுத்துக் கூட்டி வாசிப்பது இப்போது என் வழக்கம். அன்று காலை புதிதாக ஒன்று ஒட்டியிருந்தார்கள். பசைகூடக் காயவில்லை. யாரிடமும் ஓர் எழுத்தும் கேட்காமல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். முழுதாக ஒரு சுவரொட்டியை நான் வாசித்தது அதுதான் முதல் தடவை. "வாசிச்சிட்டேன் வே!" என்று டீக்கடைக்காரரைப் பார்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அது நம்ம ஞானமுத்துல்லா அண்ணாச்சி" என்றார்.

எழுத்தைக் கூட்டுவதிலேயே இருந்த எனக்கு அந்தப் பெயர் யாருடையது என்று உறைக்கவில்லை. பிறகுதான் மேலே, 'கண்ணீர் அஞ்சலி'க்குக் கீழே இருந்த படத்தைப் பார்த்தேன்.

ஞானமுத்து என்னைவிட ஆறு வயது இளையவர். இருபது வருடம் சேர்ந்து பிளைவுட் வேலை செய்தோம். அளவெடுப்பதும் அறுப்பதும் அவர். பூட்டுவதும் மைக்கா ஒட்டுவதும் நான். கடையிலிருந்து பலகை வந்து இறங்கியதும் அவர் ரம்பத்தை எடுக்கமாட்டார். பலகையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, காதை அதில் வைத்து, திருப்புளியின் கைப்பிடியால் ஜாண் ஜாணாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். திடீரென்று ஓர் இடத்தில் சத்தம் உள்ளே விழுந்துபோகும். மேலும் கீழும் வழுவழுப்பாகத்தான் இருக்கும். நடு அடுக்கில் ஒரு துண்டு இல்லாமல் பொந்தாகக் கிடக்கும். அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். இந்தப் பழக்கம் எங்கே போனாலும் அவரை விடவில்லை. டீக்கடை மேசையைத் தட்டுவார். பஸ்ஸில் முன்சீட்டைத் தட்டுவார். வேலையை நிறுத்துவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் தன் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, "இங்கன ஒரு வட்டம் போடணும் போலுக்கே அண்ணாச்சி" என்றார். நானும் சிரித்தேன்.

ஒரு தடவை அலமாரிப் பலகையின் ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. நான் பெயிண்ட்காரர்கள் பூசும் பட்டியை அப்பித் தேய்த்து, மேலே மைக்கா ஒட்டிவிட்டேன். பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஞானமுத்து வந்து தட்டினார். ஒட்டியதை உரித்துப் போட்டார்.

"ஏன் வே, இதை யாரு பாக்கப் போறா?"

"ஆளு பாக்காது அண்ணாச்சி. நாளைக்கு கீல் வரும், ஸ்குரு வரும். அதுக பிடிச்சு நிக்க உள்ள கட்டை இருக்கணும்லா?"

பிறகு மரத்தில் ஒரு துண்டைப் பொந்தின் அளவுக்குச் சீவி, பசை தடவிச் செருகி, கிளாம்ப் போட்டு இறுக்கினார். "மூடுதது வேற, நிரப்புதது வேற" என்பார். பலகையின் நடுவில் நிரப்ப முடியாத பெரிய பொந்து இருந்தால் மட்டும் வட்டம் போடமாட்டார். அந்தப் பலகை எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று எழுதி வைப்பார்.

அந்த எழுத்துதான் வினையானது. எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. அதை இருபது வருடம் அவரிடம் மறைத்தேன். "கண்ணாடி கொண்டாரல வே, என்ன எழுதிருக்க?" என்பேன். "என்னைக்குத்தான் அந்தக் கண்ணாடியக் கொண்டு வருவிய?" என்று சலித்துக்கொண்டே வாசித்துச் சொல்வார். அவர் பக்கத்தில் இருந்தவரை எதுவும் கெடவில்லை.

அடக்கம் முடிந்து அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னார். "ரெண்டு வருசத்துக்கு முன்ன ஆஸ்பத்திரியில கெடக்கும்போதும் உங்க பேச்சுதான் அண்ணாச்சி. 'பலகையில எழுதி வச்சிட்டுத்தான் வந்திருக்கேன், அண்ணாச்சி வாசிச்சுப் பாத்துப் பூட்டிருவாவ, எனக்குக் கவலை இல்ல'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ."

நெஞ்சுவலியோடு அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த மாதம், பாதியில் நின்ற இரண்டு வேலைகளை நான் தனியாக முடித்திருந்தேன். ஒன்று, கரிவலம்வந்தநல்லூரில் இரண்டு பெண்பிள்ளைகளுக்குச் செய்த அடுக்குக் கட்டில். அதற்கான பலகை ஒன்றில் எழுத்து இருந்தது. வேறு யாரிடமும் காட்டி வாசிக்கச் சொல்ல வெட்கம். வட்டம் இல்லை, அதனால் நல்ல பலகைதான் என்று நினைத்துக்கொண்டேன். அதை மேல் கட்டிலுக்குப் பூட்டினேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. பத்து வயதுச் சின்னவள் கீழ்க் கட்டிலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா மேல் கட்டிலில் படுத்திருந்தாள்.

"மெதுவா இறங்கு தாயி" என்றேன்.

அவள் இறங்கியதும் நான் கீழ்க் கட்டிலில் மல்லாந்து படுத்தேன். முகத்துக்கு நேரே ஞானமுத்துவின் பென்சில் எழுத்து. நான் கூட்டத் தொடங்குமுன் சின்னவள் கடகடவென்று சொன்னாள்.

"'இது மேலே போடக் கூடாது. நடுவில் காலி.' நான் தினமும் படுக்கும்போது வாசிப்பேன் தாத்தா. அக்காவப் பத்தித்தான் எழுதிருக்குன்னு சொல்லுவேன். மண்டைக்குள்ள காலி!"

"போடி அங்கிட்டு" என்றாள் பெரியவள்.

"சத்தம் ஏதும் கேக்குமா மக்கா?"

"அக்கா பெரண்டு படுத்தா டொக்குன்னு கேக்கும்."

திருப்புளியின் கைப்பிடியால் தட்டினேன். இரண்டு ஜாண் அகலத்துக்குச் சத்தம் உள்ளே விழுந்தது.

அவர்களின் அம்மாவிடம் சொன்னேன். "இது பொந்துப் பலகை. ஞானமுத்து எழுதி வச்சிருக்கான். எனக்கு அப்ப வாசிக்கத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி இருந்துட்டேன்."

அவர் சின்னவளைக் கையைப் பிடித்து இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார். "ரெண்டு வருசமா எம்புள்ள இதுக்குக் கீழயா கெடந்தா?"

அன்றே பலகையைக் கழற்றி முற்றத்தில் வைத்துப் பார்த்தேன். பலகையின் அடி அடுக்கில் பொந்தை ஒட்டி ஒரு விரிசல், தலைமுடி கனத்துக்கு, எழுத்தின் ஓரம் வரை ஓடியிருந்தது. வேறு பலகை வாங்கி வந்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை தட்டிப் பார்த்துப் பூட்டினேன். எழுத்து இருந்த துண்டை மட்டும் அறுத்து எடுத்து வந்தேன். ஞானமுத்துவின் பொருளாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதன்மேல் தாளை வைத்துத்தான் இதையும் எழுதுகிறேன். பேனாவை அழுத்தும் இடத்தில் அடியிலிருந்து டொக்கென்று கேட்கிறது. அங்கே கை நின்றுவிடுகிறது.

இரண்டாவது வேலை ராயகிரியில் ஒரு வீட்டின் பரண். அதன் அடிப்பலகையில் அவர் எழுதியது இரண்டு வரி. மூன்று வரியாகக்கூட இருக்கலாம். அந்த வீட்டுப் பெரியவர் பரணுக்கு நேர் கீழே நாற்காலி போட்டுத்தான் உட்காருவார். போன் செய்தேன். எல்லாரும் மகன் ஊருக்குப் போயிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை காலையில்தான் திரும்புகிறார்கள். "நான் வார வரைக்கும் அந்த ரூமுக்குள்ள யாரும் போகாண்டாம்" என்று இரண்டு முறை சொன்னேன். அவர்கள் வருமுன் நான் அந்த வாசலில் நிற்பேன். அங்கே ஞானமுத்து என்ன எழுதியிருந்தார் என்பதை, நானே வாசித்துவிட்டு, அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.