எழுப்பியின் அக்கா

"தூங்குற கணக்கையெல்லாம் சங்கம் சத்தமில்லாம முழுங்குதாம்." யாரோ சலூன்காரரிடம் சொல்ல, அவர் பழக்கடைக்காரியிடம் சொல்ல, சிக்கன சங்க எழுத்தருக்கு அது மீதிச் சில்லறையோடு வந்து சேர்ந்தது.

"முழுங்கினதுல உனக்கு எவ்வளவும்மா பங்கு?" என்றாள் பழக்கடைக்காரி.

எழுத்தர் பையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வேலைக்கு நடந்தாள்.

சங்கத்தில் அவளுக்கு 'எழுப்பி' என்று பட்டப்பெயர். வருடக்கணக்கில் போடாமல் எடுக்காமல் கிடக்கும் கணக்குக்காரர்களைத் தேடிப்பிடித்து, "ஒரு தடவை வந்துட்டுப் போங்க" என்று கெஞ்சுவது அவள் பிழைப்பு. கிடைப்பதெல்லாம் வசவு. "உன் பாச்சா எங்கிட்ட பலிக்காது" என்று போனை வைத்தார் ஒரு தச்சர். இறந்துபோன ஒருவரின் மகனோ, "எங்கப்பாவையா எழுப்பப் போற? எழுப்பு, பார்க்கலாம்" என்றான்.

அந்த வரிசையில் அவளுடைய சொந்த அக்காவும் இருந்தாள். அம்மாவின் வளையல் யாருக்கு என்ற சண்டையில் முகம் திருப்பிக்கொண்டு வேறு ஊருக்குப் போனவள். அவள் கணக்கு தூங்கிவிடக் கூடாதே என்று தங்கையே வருடாவருடம் சில்லறை போட்டுவந்தாள். அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் காறித் துப்புவாள்.

அதைப் புது மேலாளர் மோப்பம் பிடித்துவிட்டார்.

"உறுப்பினர் அவங்களே கணக்கைத் தொட்டாத்தாம்மா செல்லும். நீங்க போட்டது செல்லாது. இன்னைக்கு ஆபீஸ் பூட்டுறதுக்குள்ள அவங்க போன்லயாவது 'அது என் கணக்கு'ன்னு சொல்லலைன்னா, பணம் அரசாங்கத்துக்குப் போயிடும்."

"அக்கா தன் மக படிப்புக்குச் சேர்த்தது சார். அங்க போனா, திரும்ப வாங்க நடையா நடக்கணுமே."

"நீங்கதானே எழுப்பி? எழுப்புங்க."

சங்கம் அனுப்பிய கடிதத்தை அக்கா வாங்காமலே திருப்பியிருந்தாள். சங்கத்துப் போனில் கூப்பிட்டால், குரல் கேட்டதும் துண்டித்தாள். மிச்சமிருந்தது எழுப்பியின் சொந்த எண். "செத்தாலும் எடுக்க மாட்டேன்" என்று அக்கா சொன்ன அதே எண்.

வாசலில் காவலாளி ஒரு பாதிக் கதவை இழுத்துச் சாத்தினார். மேலாளர் வேண்டுமென்றே சாவியைக் குலுக்கினார்.

"கொஞ்சம் பொறுங்க சார், என்ன அவசரம்? உங்க வீட்டுப் பணமா போகுது?" என்று எரிந்து விழுந்துவிட்டு, அவள் எண்ணை அழுத்தினாள்.

திட்டுவதற்காவது எடுடி அக்கா. திட்டிக்கொண்டே 'அது என் கணக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.